நாற்பது நாள் ஸுல்தான்

சென்ற மாதம் இராஜபாளையத்தில் ஒரு வாசகசாலைத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. அங்கே இரண்டு இளைஞர்கள் சரித்திர விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள். மேடையேறிப் பேசிப் பழகியவர்கள். ஒருவர், மதுரையில் துருக்கர் ஆண்ட கதையை எடுத்துக்கொண்டு, அன்று நடந்த அக்கிரமங்களுக்கு இன்று நம் தெருவில் வசிக்கும் முஸ்லிம்களே ஜவாப்தாரிகள் என்பதுபோல் பேசினார். மற்றவர், அப்படியெல்லாம் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை என்று ஒரே அடியாக அடித்துவிட்டார். என் தலை நரைத்திருப்பதைப் பார்த்தோ என்னவோ, "ஐயா, நீங்கள்தான் சொல்லுங்களேன்" என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மதுரையை நாற்பது நாள் ஆண்ட ஸுல்தானைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இருவரும் கேள்விப்பட்டதில்லை. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. மதுரை ஸுல்தான்களுக்கே நம் பாடப் புத்தகங்களில் கிடைப்பது சில வரிகள். அவர்களிலும் நாற்பது நாள் இருந்தவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று அவர்களிடம் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

கதையின் தொடக்கம், டில்லிப் படை மதுரைக்கு வருவதற்கு முன்பே இருக்கிறது. 1268இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியன் நாற்பது ஆண்டுக்காலம் ஆண்டான். அவன் நாட்டின் செல்வத்தைக் கண்டு வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வியந்து எழுதினார். பாரசீகத்து வஸ்ஸாப் என்ற ஆசிரியர் குதிரை வியாபாரக் கணக்கையே கொடுக்கிறார். ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் இந்தக் கரையில் வந்து இறங்கினவாம். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். அந்த வியாபாரத்தை நடத்தியவர்கள் அராபிய, பாரசீக முஸ்லிம்கள். பாண்டியனுடைய அரசவையிலேயே தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் ஒருவர் மந்திரியாக இருந்தார். காயல் துறைமுகத்தில் தொழுகை நடந்தது. மதுரையில் பூஜை நடந்தது. இதனால் அது இதற்கு இடைஞ்சல் என்று எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

குலசேகரனுக்கு இரண்டு புதல்வர்கள்: சுந்தர பாண்டியன், வீர பாண்டியன். இளையவனாகவும் காமக்கிழத்தியின் மகனாகவும் இருந்த வீரபாண்டியனுக்குத் தந்தை பட்டத்துரிமை கொடுக்க முற்பட்டதால், சுந்தரபாண்டியன் 1310இல் தந்தையையே கொன்றான் என்று வஸ்ஸாப் எழுதுகிறார். அப்புறம் அண்ணனும் தம்பியும் நாட்டை இரண்டு கூறாக்கிச் சண்டையிட்டார்கள். தோற்ற அண்ணன் டில்லியின் ஆதரவை நாடி ஓடினானாம். 1311இல் மாலிக் காபூர் மதுரை வரைக்கும் வந்து, அகப்பட்டதை வாரிக்கொண்டு திரும்பினார். எவ்வளவு வாரினார் என்பதில் அக்காலத்து ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. அமீர் குஸ்ரு 512 யானைகள், 5,000 குதிரைகள் என்கிறார். பரணி 612 யானைகள், 20,000 குதிரைகள் என்கிறார். வெற்றிச் செய்தி ஊர் கடந்து போகப் போகக் கணக்கும் பெருகும் போலும்! ஆனால் குஸ்ரு சொல்லும் வேறொரு விஷயம் கவனிக்கத்தக்கது. வீரபாண்டியனுடைய சைன்யத்தில் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள். டில்லிப் படையை எதிர்க்கப் பாண்டியன் திரட்டிய சேனையிலேயே அவர்கள் இருந்தார்கள் என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை.

அடிபட்ட பிறகாவது அண்ணன் தம்பிகள் ஒன்றுபட்டார்களா? இல்லை. வேணாட்டு ரவிவர்ம குலசேகரன் மேற்கு மலையைத் தாண்டி வந்து காஞ்சி வரை கைப்பற்றினான். வாரங்கல்லிலிருந்து காகதீயர் படையும் காஞ்சிக்கு வந்தது. இவர்கள் எல்லோரும் ஹிந்து அரசர்கள். விழுந்த மரத்தில் ஆளுக்கொரு கிளை வெட்டினார்கள். 1318இல் குஸ்ரு கானும், 1323இல் பின்னாள் முகம்மது பின் துக்ளக்கான உலுக் கானும் படையெடுத்து வந்தபோது எதிர்த்து நிற்கப் பெரிய அரசு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மதுரை டில்லியின் மாகாணங்களில் ஒன்றாயிற்று. அந்தப் படையெடுப்பில்தான் ஸ்ரீரங்கத்து நம்பெருமாளைப் பிள்ளை உலகாசிரியர் முதலானோர் மறைத்து எடுத்துச் சென்றார்கள். 1371இல் கோபண்ணன் அம்மூர்த்தியை மீண்டும் கோயிலில் எழுந்தருளச் செய்யும் வரை ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஸ்ரீரங்கத்தில் அவர் இல்லை. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் வைஷ்ணவப் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, நேற்று நடந்ததுபோலவே குரல் தழுதழுக்கக் கேட்டிருக்கிறேன். அந்தத் துயரம் உண்மை. அதை இல்லை என்று சொல்லும் இளைஞரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உண்மையை மறைத்து எந்த ஒற்றுமையையும் கட்ட முடியாது.

நிற்க. டில்லியின் பிரதிநிதியாக மதுரையில் இருந்தவர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா. வடக்கே கைத்தல் என்ற ஊரைச் சேர்ந்தவர். 1335 வாக்கில் அவர் டில்லிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தாமே ஸுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். துக்ளக் கோபத்தோடு தெற்கே புறப்பட்டார். வாரங்கல்லில் அவருடைய படையைக் கொள்ளைநோய் பற்றிக்கொண்டது, திரும்பிவிட்டார். ஆத்திரத்துக்கு டில்லியில் இருந்த அஹ்ஸன் ஷாவின் மகன் இரையானான். அப்படி உதயமானதுதான் மதுரை ஸுல்தானியம். முகம்மதிய ராஜ்யத்திலிருந்து முகம்மதியப் பிரதிநிதி கலகம் செய்து பிரிந்த ராஜ்யம் அது.

ஐந்து ஆண்டுகளில் அஹ்ஸன் ஷாவை அவருடைய அமீர்களில் ஒருவரே கொன்றார். அடுத்து அலாவுத்தீன் உதௌஜி. அவர் சண்டையில் வெற்றி பெற்ற நாளில், தண்ணீர் குடிப்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். எங்கிருந்தோ வந்த அம்பு தைத்து அங்கேயே உயிர் துறந்தார். அம்பை எய்தவன் யார் என்பது தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார் இபன் பதூதா. மொராக்கோவிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய அந்த யாத்திரிகருக்கு இந்த விஷயங்களை அறிய நல்ல வசதி இருந்தது. அவர் மணந்திருந்த பெண்களில் ஒருத்தி அஹ்ஸன் ஷாவின் மகள்.

உதௌஜிக்குப் பின் சிம்மாஸனத்தில் ஏற்றப்பட்டவன்தான் நமது நாற்பது நாள் ஸுல்தான்: குத்புத்தீன். உதௌஜியின் மருமகன். மகளைக் கொண்டவன் என்று சிலரும், உடன்பிறந்தார் மகன் என்று சிலரும் எழுதுகிறார்கள். அவனைப் பற்றி இபன் பதூதா எழுதியிருப்பது ஒரே வாக்கியம். அவனுடைய நடத்தை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நாற்பது நாளில் கொன்றுவிட்டார்கள். அவ்வளவுதான். என்ன நடத்தை, யாருக்குப் பிடிக்கவில்லை என்ற விவரம் கிடையாது. ஒரு ராஜாவுடைய முழு ஆட்சிக்கும் இப்படியொரு சரித்திரமா என்று தோன்றலாம். ஆனால் அவனுக்கு வேறொரு சாட்சியும் உண்டு.

அது காசு. முஸ்லிம் ராஜ்யங்களில் அரசுரிமைக்கு இரண்டு அடையாளங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கத்தில் அரசன் பெயரைச் சொல்ல வேண்டும். நாணயத்தில் அவன் பெயரைப் பொறிக்க வேண்டும். மதுரையில் குத்புத்தீன் பீரோஸ் ஷா என்ற பெயரோடு ஹிஜ்ரி 740ஆம் ஆண்டுக் காசு கிடைத்திருக்கிறது. பதூதா குத்புத்தீன் என்று மட்டும் சொல்லியிருக்க, காசு அவனுடைய பட்டப்பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ஆண்டு நமது கணக்கில் 1339 ஜூலையில் தொடங்கி 1340 ஜூனில் முடிகிறது. இதைவிட விசேஷம், அஹ்ஸன் ஷாவுக்கும் உதௌஜிக்கும் அதே 740 பொறித்த காசுகள் உண்டு. ஒரே ஆண்டில் மூன்று ஸுல்தான்கள்! காசு அடிக்கும் கம்மியர் ஒரு பெயரை அச்சில் வெட்டி முடித்துக் கை கழுவுவதற்குள் அடுத்த பெயர் வந்து நின்றிருக்கும். நாற்பது நாள் ஆண்டவனும் முதற்காரியமாகக் காசு அடித்தான் என்பதில் அவனுடைய அவசரமும் அச்சமும் இரண்டுமே தெரிகின்றன.

இந்த நாற்பது நாள் எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அரசனை ஏற்றவும் இறக்கவும் மதுரைக் கோட்டைக்குள் இருந்த ஒரு கூட்டத்துக்குப் போதிய பலம் இருந்தது. கோட்டைக்கு வெளியே கிராமங்களில் உழுது நெய்து பிழைத்த லக்ஷக்கணக்கான ஜனங்களுக்கு, ஏறியவன் யார், இறங்கியவன் யார் என்பதில் சம்பந்தமே இல்லை. குத்புத்தீனைக் கொன்றபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவனை ஏற்றியபோதும் கேட்கவில்லை. அவனைக் காப்பாற்ற ஒரு கிராமமும் எழவில்லை. அவன் மடிந்ததைக் கொண்டாடவும் எழவில்லை. வேரில்லாமல் நட்ட கொம்பு நாற்பது நாள் நின்றதே அதிகம்.

அவனுக்குப் பின் வந்தவன் கியாஸுத்தீன் தாமகானி. முன்பு டில்லிப் பிரபு ஒருவரிடம் குதிரைச் சேவகனாக இருந்தவன். பட்டத்துக்கு வந்ததும் அஹ்ஸன் ஷாவின் இன்னொரு மகளை மணந்துகொண்டான். அதனால் இபன் பதூதாவுக்குச் சகலை முறை. தன் உரிமைக்கு இந்தக் கல்யாணத்தைவிடப் பெரிய ஆதாரம் அவனிடம் இல்லை. அவனுக்குப் பின் வந்த நாஸிருத்தீனும், கியாஸுத்தீன் மகளின் கணவனைக் கொன்றுவிட்டு அவளைத் தான் மணந்துகொண்டான். அந்தப் பெண்களின் பெயரைக்கூட எழுதி வைக்காத காலம் அது. ஆனாலும் ராஜ்யத்தின் உரிமை அவர்கள் கையைப் பற்றியே நடந்தது.

கியாஸுத்தீன் செய்த கொடுமைகள் படிக்கச் சகிக்காதவை. காட்டில் அகப்பட்ட கிராமத்தாரை, ஆண்களைக் கழுவேற்றியும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றும் அவன் நடந்துகொண்ட விதத்தை இபன் பதூதா தம் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். ஸுல்தானோடு உட்கார்ந்து உணவருந்திக்கொண்டிருந்த ஒரு நேரத்தில், கைதி ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயதுச் சிறுவனும் கொண்டுவரப்பட்டு அங்கேயே வெட்டப்பட்டதையும், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்கிறார். இப்படிப்பட்ட இழிசெயலை வேறெந்த அரசனும் செய்து தாம் கேட்டதில்லை என்றும், இதனாலேயே ஆண்டவன் அவனுடைய முடிவை விரைவாக்கினான் என்றும் அவர் தீர்ப்புக் கூறுகிறார். இதைக் கூறுபவர் காஜி பதவி வகித்த ஒரு முஸ்லிம். அந்த ஸுல்தானுக்கு நெருங்கிய உறவினர். அவன் சோற்றைத் தின்றவர். கொடுங்கோலனைக் கொடுங்கோலன் என்று எழுத அவருக்கு மதம் தடையாக இருக்கவில்லை. 1344 வாக்கில் அவருக்கு இருந்த நேர்மை நம் காலத்து மேடைகளிலும் இருக்கலாம்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1342 வாக்கில், எண்பது வயதைத் தாண்டிய ஹொய்சள அரசர் வீர வல்லாளர், கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்களுக்குப் பதினாலு நாள் உணவே மிச்சம். கோட்டையை விட்டுப் போனால் உயிர்ப்பிச்சை தருவதாக வல்லாளர் சொன்னார். ஸுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று தவணை வாங்கினார்கள். அந்தத் தவணைக்குள், நடுப்பகலில் படை கண்ணயர்ந்திருந்த வேளை பார்த்துக் கியாஸுத்தீன் பாய்ந்துவிட்டான். முதியவர் பிடிபட்டார். அவரிடமிருந்த பொருளையெல்லாம் கறந்துகொண்ட பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதையும் இபன் பதூதா பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வல்லாளருடைய சேனையிலும் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாக அதே ஆசிரியர் சொல்கிறார். குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என்று அவர்களை இகழ்கிறார். எப்படிப்பட்டவர்களாயினும், அவர்கள் நின்றது ஹிந்து அரசருக்காக, முகம்மதிய ஸுல்தானுக்கு எதிராக. மதத்தை வைத்து மட்டும் கோடு கிழித்து அந்தச் சண்டையைப் பிரித்துப் பார்க்க முயன்றால் கோடு நேராக ஓடாது.

வெற்றியைக் கொண்டாட நேரம் இருந்ததா? மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்தார்கள். கியாஸுத்தீனின் தாய், மனைவி, மகன் மூவரும் மடிந்தார்கள். அவனும் போய்ச் சேர்ந்தான். நோய் அரண்மனை என்றும் குடிசை என்றும் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பையனோடு நலமாக வந்துபோன ஒரு தாய், மறுநாள் அவனுக்குச் சவத்துணி கேட்டு வந்து நின்றாள் என்று பதூதா எழுதும் இடத்தை, மேற்படி கொடுமைகள் எல்லாவற்றையும் படித்த பிறகும் என்னால் நிறுத்தாமல் தாண்டிப் போக முடிவதில்லை.

அதன் பிறகு காசுகளில் ஹிஜ்ரி 745க்கும் 757க்கும் இடையே பெரிய இடைவெளி. அதற்கப்பால் மூன்று நான்கு பெயர்கள். கடைசிக் காசு 779, அதாவது 1377-78. விஜயநகரத்துக் குமார கம்பணர் படையெடுத்து இந்த ஆட்சிக்கு முடிவு கட்டினார். அந்தப் படையெடுப்பை அவருடைய மனைவி கங்காதேவி வடமொழியில் காவியமாகப் பாடியிருக்கிறார். அந்த மதுரா விஜயத்தின் ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் அகப்பட்டது. திருக்களக்குடிக் கல்வெட்டு, முன்காலம் துலுக்கர் காலமாக இருந்தது என்றும், கம்பண உடையார் வந்து கோயில்களில் பழையபடி வழிபாடு நடக்க நாயக்கன்மார்களை நியமித்தார் என்றும் கூறுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளிலோ, ஸுல்தானின் ஆட்சியாண்டையே காலக்கணக்காக வைத்து ஊரார் காரியங்களைப் பதிந்திருக்கிறார்கள். காலத்தைக் குறிக்க ஒரு பெயர் வேண்டும். கோட்டையில் யார் இருந்தாலும் அவன் பெயரைப் போட்டுவிட்டு வயல் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

ராஜ்யம் மாறியதன் விளைவு நம் கண்ணெதிரில் இருக்கிறது. விஜயநகரம் வந்தபின் வடக்கேயிருந்து தெலுங்கு பேசும் குடிகள் வந்தார்கள். மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டது. இராஜபாளையத்து ராஜுக்கள் அந்த நாட்களில் இங்கு வந்து ஊன்றியவர்களே. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நைவேத்யம் ஆன செய்தியை வழிநெடுக மண்டபங்களில் நகரா முழக்கித் தெரிந்துகொண்ட பிறகே மதுரையில் உணவருந்தினார் என்பது இந்தப் பக்கத்து ஐதிகம். மதுரையை இழந்த பாண்டியர் தென்காசியில் ஒதுங்கினார்கள். 1446இல் அங்கே பராக்கிரம பாண்டியன் விசுவநாதர் கோயில் எடுக்கத் தொடங்கினான். மதுரைக்கும் தென்காசிக்கும் நடுவே, மலையடிவாரச் சாலையில் இருக்கின்றன நம் இரண்டு ஊர்களும். வாசகசாலை இளைஞர்கள் வீட்டில் பேசும் தெலுங்குக்கும், நாற்பது நாளில் ஒருவனைக் கொன்ற அந்தக் கோட்டைக்கும் இவ்வளவு நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நானூறு ஆண்டுகளுக்குப் பின், நாயக்கர் அரசு முடிந்து நவாபும் கும்பினியாரும் போட்டியிட்ட காலத்தில், இதே மதுரைச் சீமையைச் சில ஆண்டுகளே ஆண்ட முஸ்லிம் ஒருவர் உண்டு: கான்சாகிபு என்ற யூசுப் கான். இராமநாதபுரம் பக்கத்துப் பனையூர்க்காரர். தமிழ் மண்ணில் பிறந்தவர். அவரிடமும் மறைக்கக் கூடாத குறைகள் உண்டு. 1761 மே மாதம், இராஜபாளையத்துக்குத் தெற்கே வாசுதேவநல்லூரிலும் நெற்கட்டுஞ்செவலிலும் பூலித்தேவருடைய கோட்டைகளை வீழ்த்தியது அவருடைய படையே. அன்று அவர் கும்பினியின் ஆள். ஆனால் மதுரையை ஆண்டபோது, மீனாட்சி கோயிலுக்குப் பறிபோயிருந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்துப் பூஜைகளை நடத்த வழி செய்தார். 1763இல் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார். அவரையும் சொந்த ஆட்களே, தொழுகையில் இருந்தபோது பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். கோட்டைக்குள் நடந்த துரோகம் குத்புத்தீன் காலத்தது போலத்தான். கோட்டைக்கு வெளியே நடந்ததுதான் வேறு. கான்சாகிபு சண்டை என்று ஜனங்கள் அவருக்குக் கதைப்பாட்டுக் கட்டினார்கள். அதைப் பாடியவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் ஹிந்துக்கள்.

அவருடைய அடக்கத்தலம் மதுரையில் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. 1808இல் கட்டிய பள்ளிவாசல். அந்த இரண்டு இளைஞர்களும் மாதம் ஒருமுறையாவது மதுரைக்குப் போகிறவர்கள் என்று சொன்னார்கள். அடுத்த தடவை போகும்போது இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.